கல்லூரிக்கு முன்னே ஒரு வரவேற்பு

ஜூன் மாதம் வந்தால் மும்பையில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, மழை தொடங்கும். மற்றொன்று, எங்கள் டிக்கெட் கவுண்ட்டர் முன்னால் மாணவ-மாணவிகளின் வரிசை நீளும். கல்லூரி ஆபீசில் முத்திரை போட்டுக் கொடுத்த சலுகைச் சீட்டைக் காட்டி சீசன் பாஸ் வாங்க வருகிறவர்கள் அவர்கள்.

பழைய மாணவர் யார், புதிதாகச் சேர்ந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழையவர் சீட்டை கவுண்ட்டருக்குள் தள்ளிவிட்டு நண்பனோடு பேசிக்கொண்டிருப்பார். புதியவர் அதை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். நாம் ஒரு கேள்வி கேட்டால் போதும், தப்பு செய்து பிடிபட்டவர் போல விழிப்பார். அப்படி விழிக்கும் முகம் நம்மவர் வீட்டுப் பிள்ளையின் முகமாக இருந்தால் நான் தமிழில் பேசிவிடுவேன். உடனே அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்!

அந்தப் பயத்தைப் போக்க தாராவியில் சில இளைஞர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். கல்லூரி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆண்டு புதிதாகக் கல்லூரியில் கால் வைக்கும் பிள்ளைகளைப் பெற்றோருடன் கூட்டி, ஒரு வரவேற்பு வைக்கிறார்கள். இந்த ஆண்டு என் அக்கா மகளும் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன்.

பொன்னாடை இல்லாத கூட்டம்

90 அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், மாடியில் ஒரு கூடம். மற்ற நாட்களில் அங்கே சிறுவர்களுக்கு டியூஷன் நடக்கும். வெளியே நல்ல மழை. படிக்கட்டு முழுவதும் குடைகளும் செருப்புகளுமாகக் கிடந்தன.

நம்மவர் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். தலைவர், முன்னிலை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, அதன்பின் மைக்கைப் பிடித்தவர் விடமாட்டார். இங்கே மேடையே இல்லை. எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். புதிய பிள்ளைகள் 40 பேருக்கு மேல் இருப்பார்கள். இட்லி வியாபாரம் செய்பவர், தோல் பட்டறைத் தொழிலாளி, மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர், டிரான்ஸ்போர்ட் கம்பெனி குமாஸ்தா, தையல் வேலை செய்யும் தாய்மார் என்று பெற்றோரும் அதே அளவுக்கு இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்.

கூட்டத்தை நடத்தியவர்கள் இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் படிக்கும் பிள்ளைகள்தாம். அவர்களில் ஒரு பெண் எழுந்து, "போன வருஷம் இதே பாயில உக்காந்து அழுதவ நான். அதனால நான்தான் முதல்ல பேசணும்னு சொல்லிட்டாங்க" என்றாள். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பாதி பயம் போய்விட்டது.

பிறகு அவள் சொன்னவை எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயங்கள். கல்லூரியில் மணி அடித்து யாரும் வகுப்புக்குக் கூப்பிடமாட்டார்கள். டைம் டேபிளை நோட்டீஸ் போர்டில் பார்த்து நாமேதான் அறையைத் தேடிப் போக வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதில் சிக்கல் வரும். காய்ச்சலில் படுத்தால் டாக்டர் சீட்டை வாங்கி பத்திரப்படுத்த வேண்டும். புத்தகம் வாங்கக் காசில்லை என்று கவலைப்பட வேண்டாம். லைப்ரரி கார்டை முதல் வாரத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

"பாடம் இங்கிலீஷ்ல நடக்கும். முதல் ரெண்டு மாசம் பாதி புரியாது. புரியாதது நமக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. மராத்தி மீடியத்துல படிச்சு வந்த பிள்ளைகளுக்கும், இந்தி மீடியத்துல படிச்சு வந்த பிள்ளைகளுக்கும் அதே கதைதான். புரியாத வார்த்தையைத் தமிழ் எழுத்துல எழுதி வைங்க. ராத்திரி வீட்ல அர்த்தம் பாருங்க. தீபாவளிக்குள்ள சரியாயிடும்" என்றாள்.

என் அக்கா மகள் இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் திருநெல்வேலிப் பக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். இப்போது பி.காம். படிக்க அப்பா அம்மாவிடம் மும்பைக்கு வந்திருக்கிறாள். கிளம்பும்போதுகூட, "மாமா, அங்க போயி நான் என்னத்தப் பேச? பேசாம ஊருக்கே போயிடட்டுமா?" என்று கேட்டவள்தான்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு.

"டீ ஒன்லி"

நான் மும்பையில் பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, பத்தாம் வகுப்பு தேறியவன். வகுப்பில் இரண்டாவது மாணவன். பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. எந்தக் கல்லூரி என்பது இப்போது வேண்டாம். அப்பா ரயில் பாதையில் கேங்மேன். தன் மகன் காலேஜுக்குப் போகிறான் என்று கேங்கில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

இரண்டாம் வாரத்தில் எங்களுக்கு ஒரு "வரவேற்பு" நடந்தது. புதிய மாணவர் ஒவ்வொருவரும் மேடை ஏறி, ஆங்கிலத்தில் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். என் பெயர், என் ஊர், என் பள்ளி என்று மூன்று வாக்கியங்களை இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அவற்றைத் தடுமாறாமல் சொல்லியும் விட்டேன். அப்போது கீழேயிருந்து ஒரு மூத்த மாணவர் "வாட் ஈஸ் யுவர் ஹாபி?" என்று கேட்டார். "ஹாபி" என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காப்பியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் காப்பி கிடையாது. "நோ சார், டீ ஒன்லி" என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. அன்றிலிருந்து என் பெயர் "டீ ஒன்லி". கேண்டீனில், லைப்ரரியில், ஸ்டேஷன் பாலத்தில் எங்கே பார்த்தாலும் அந்தப் பெயர்தான். யாரும் என்னை அடிக்கவில்லை. யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. கேலிதானே, சில நாளில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்துப் பொறுத்துப் பார்த்தேன். மூன்று வாரத்துக்குமேல் முடியவில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். லோக்கல் ரயிலில் ஏறி கல்யாண் வரை போய்த் திரும்புவேன். இரண்டு மாதம் இப்படிப் போனபின் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. "என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வந்து யாரையாவது கேட்டிருப்பார். கேங்மேன் உடையில் அவர் வந்து நிற்பதற்கும் எனக்கு அப்போது வெட்கம். இதை எழுதும்போது அந்த வெட்கத்துக்காக வெட்கப்படுகிறேன்.

சில ஆண்டுகளில் அப்பா வேலையில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. இன்றுவரை பத்தாம் வகுப்புத்தான் என் படிப்பு.

வேலையில் சேர்ந்ததும் என்னை நேரே கவுண்ட்டரில் உட்கார வைத்துவிடவில்லை. புசாவலில் உள்ள ரயில்வே பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கட்டணம் எப்படிப் போடுவது, கணக்கு எப்படி முடிப்பது, கோபமாக வரும் பயணியிடம் எப்படிப் பேசுவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகுதான் கவுண்ட்டர். டிக்கெட் கொடுக்கிற வேலைக்கே இத்தனை முன்னேற்பாடு இருக்கிறது. ஒரு குடும்பத்திலேயே முதல் முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் அனுப்பிவிடுகிறோமே என்று அங்கே இருந்தபோது அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

வரவேற்பு என்ற பெயரில் புதியவர்களை வதைப்பது இந்த நாட்டில் உயிர்ப்பலியும் வாங்கியிருக்கிறது. 1996-ல் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட செய்தி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மறு ஆண்டே, 1997-ல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. மகாராஷ்டிரத்தில் 1999-ல் சட்டம் வந்தது. ராகிங் செய்தவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். 5 ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது.

அதன் பிறகும் கொடுமை நிற்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. சி.பி.ஐ. முன்னாள் டைரக்டர் ஆர்.கே.ராகவன் தலைமையிலான குழு 2007-ல் அறிக்கை கொடுத்தது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகளை வகுத்தது. கல்லூரியில் சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுப்பது அந்த விதிப்படிதான். கஷ்டம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்ற விவரத்தை அச்சடித்து ஒவ்வொரு புதிய மாணவர் கையிலும் கல்லூரி கொடுக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் இருக்கிறது. 1800-180-5522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசி முறையிடலாம். இந்த எண்ணைக் கூடத்தில் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"அடிச்சாத்தான் ராகிங்னு இல்ல. மனசு நோகுற மாதிரி பட்டப்பேரு வச்சுக் கூப்பிட்டாலும் ராகிங்தான்" என்று ஒரு மாணவர் விளக்கினார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. என் கதை அவருக்குத் தெரியவும் தெரியாது.

இப்போது கல்லூரிகளும் மாறி வருகின்றன. புதியவர்களைப் பழக்கப்படுத்தும் அறிமுக நிகழ்ச்சிக்காக 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு "தீக்ஷாரம்ப்" என்ற வழிகாட்டியை வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வகுக்கப்பட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதெல்லாம் கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகு நடப்பது, பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பது. வாசல் வரை தைரியமாகப் போவதற்கு யார் உதவுவது? அந்த வேலையை நம் தெருவில், நம் மொழியில் செய்கிறது இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

காகிதம் முக்கியம்

டீ வந்தது. கூடவே வடா பாவ். அதன்பின் காகித விவகாரம். பெற்றோர் மிகக் கவனமாகக் கேட்டது இதைத்தான்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே சேருகிறவர்கள், சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடமிருந்து இடப்பெயர்வுச் சான்று வாங்க வேண்டும். மும்பைப் பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்றும் பெற வேண்டும். ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் அலைச்சல் இல்லை.

சாதிச் சான்று விஷயத்தில் நம்மவர் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஊரில் வாங்கிய சான்று இருந்தாலே இங்கே ஒதுக்கீடு கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றின் பலனைப் பெற, 1950 ஆகஸ்ட் 10-ந் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இதர பிற்பட்ட வகுப்பினருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. தாத்தா படித்த பள்ளியின் சான்று, பழைய மில் வேலைக் காகிதம் என்று டிரங்குப் பெட்டியில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துப் பாருங்கள். கரையான் தின்ற காகிதம் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு பேரப்பிள்ளையின் படிப்பு அதில் இருக்கலாம்.

பாஸ் விஷயத்தைச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். சொன்னேன். மாணவர்களுக்கு மாத சீசனும் மூன்று மாத சீசனும் பாதிக் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கால் பங்கு கட்டணம்தான். சலுகைச் சீட்டில் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பெயரும் கல்லூரிக்குப் பக்கத்து ஸ்டேஷன் பெயரும் சரியாக இருக்க வேண்டும். அடித்தல் திருத்தலோடு கொண்டுவந்தால் கவுண்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவோம். சீட்டில் போட்ட தேதி தாண்டுவதற்குள் வந்துவிட வேண்டும். வண்டியில் பாஸோடு கல்லூரி அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

ஒரு தகப்பனார் கேட்ட கேள்வி

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டபோது, பின்வரிசையில் இருந்த இட்லி வியாபாரி ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"தம்பி, தப்பா நினைக்கப்படாது. முதல் நாளு நாங்க கூட வந்தா பிள்ளைக்குக் கேவலமா இருக்குமா?"

அவருடைய மகன் தலையைக் குனிந்துகொண்டான். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் எழுந்தார்.

"எங்க அப்பா தோல் பட்டறையில வேலை பாக்காரு. முதல் நாள் அவரை கேட்டுக்கு வெளியிலேயே நிக்கச் சொன்னேன் மாமா. அவரும் ஒண்ணும் சொல்லாம நின்னாரு. மழையில நின்னாரு. ரெண்டு வருஷமா அது எனக்கு உறுத்திட்டு இருக்கு. நீங்க உள்ள போங்க. பிள்ளை வேண்டாம்னு சொன்னாலும் போங்க."

இட்லி வியாபாரி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். மகன் அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்று ஒரு எண்ணம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று வாக்கியம்

கடைசி நிகழ்ச்சி, அறிமுகம். ஆங்கிலத்தில்தான். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் இங்கே இரண்டு விதிகள் வைத்திருந்தார்கள். முதல் விதி, யாரும் சிரிக்கக்கூடாது. இரண்டாவது விதி, பேசுகிறவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் தெரிந்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று வாக்கியம்.

என் அக்கா மகளின் முறை வந்தது. எழுந்தாள். பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள். மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். வணிகவியலுக்கு ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வரவில்லை. நான்கு பக்கத்திலிருந்தும் "காமர்ஸ்" என்று குரல் வந்தது. "காமர்ஸ்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

பிள்ளைகள் முடிந்ததும், "பெரியவங்களும் சொல்லணும்" என்று ஒரு சிறுமி குரல் கொடுத்தாள். சிலர் நழுவினார்கள். என்னை விடவில்லை. எழுந்து பெயர் சொன்னேன், வேலை சொன்னேன். "அங்கிள், வாட் ஈஸ் யுவர் ஹாபி?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வி!

"ஐ ரைட் ஃபார் எ நியூஸ்பேப்பர்" என்றேன். அது சரியான ஆங்கிலம்தானா என்று இப்போதும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

நம் பகுதியிலும் நடத்தலாம்

இப்படி ஒரு கூட்டம் நடத்தப் பெரிய சங்கமோ பெரிய நன்கொடையோ தேவையில்லை. ஒரு கூடம், சில பாய்கள், டீ, வடா பாவ், சுவரில் ஒட்டக் கொஞ்சம் காகிதம் போதும். அன்றைய செலவை நாலைந்து பேர் சேர்ந்து ஏற்றுக்கொண்டார்கள். தேவைப்படுவது ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் நாலு பிள்ளைகளும், "நானும் பயந்தேன்" என்று வெளிப்படையாகச் சொல்லும் மனமும்தான்.

சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, கல்யாண் என்று நம்மவர் வாழும் பகுதிகள் எத்தனையோ இருக்கின்றன. விநாயகர் சதுர்த்திக்கும் பொங்கலுக்கும் பந்தல் போடுகிறோம். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம். இந்தப் பெரிய நகரத்தில் நம் பிள்ளைகள் படிப்பை விடுவதற்குக் காரணம் எப்போதும் பணம் இல்லாமை மட்டும் அல்ல. ஒரு சிரிப்பு போதும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

கல்லூரி திறந்த வாரத்தில் ஒரு காலை. கவுண்ட்டரில் நல்ல கூட்டம். சலுகைச் சீட்டு ஒன்று உள்ளே வந்தது. வீட்டு ஸ்டேஷன், கல்லூரி ஸ்டேஷன், முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. அடித்தல் திருத்தல் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். என் அக்கா மகள்! பக்கத்தில் இரண்டு தோழிகள். ஒருத்தி மராத்திக்காரப் பெண் போலிருந்தாள்.

"மாமா, சீக்கிரம் குடுங்க. லெக்சருக்கு லேட்டாகுது" என்றாள்.

வரிசையில் வந்தவர்களுக்கு எப்படிக் கொடுப்பேனோ அப்படித்தான் கொடுத்தேன். பாஸை வாங்கிக்கொண்டு மூவரும் பிளாட்பாரத்தை நோக்கி ஓடினார்கள்.